சிகாகோ முதல் பஃபலோ வரை: போலிஷ் பிள்ளைகளின் ஈஸ்டர் நாட்கள்

வியாழன், மில்வாக்கி அவென்யூ

சிகாகோ நகர மையத்திலிருந்து வடமேற்காகச் சாய்ந்து போகிறது மில்வாக்கி அவென்யூ. 56-ம் எண் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், போலந்துக்காரர்கள் இந்த ஊரில் குடியேறிய வரலாறு தெருத்தெருவாகக் கடந்து போகும். தெற்கே, 1867-ல் ஏற்பட்ட புனித ஸ்தனிஸ்வாவ் கோஸ்த்கா பங்கு, அதாவது ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த மக்களும். நகரின் முதல் போலிஷ் பங்கு அதுதான். பக்கத்திலேயே போலிஷ் மியூசியம் ஆஃப் அமெரிக்கா, 1937-ல் திறக்கப்பட்டது. இன்னும் வடக்கே, ஊர்க்காரர்கள் யாட்ஸ்கோவோ என்று அழைக்கும் புனித ஹயாசிந்த் பசிலிக்கா பகுதி. அதையும் தாண்டினால் ஜெஃபர்சன் பார்க்கில் கோப்பர்நிகஸ் மையம்.

ஒரு காலத்தில் இங்கே பங்குப் பள்ளிகளில் வாரநாட்களிலேயே போலிஷில் பாடம் நடந்தது. 1916-ல் பேராயர் மண்டலைன் பங்குப் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்றார். அதற்கடுத்த தலைமுறைகளில் தாய்மொழி வகுப்பறையை விட்டு மெல்ல வெளியேறியது. போலிஷ் கற்பிக்க வாரம் ஒருநாள் கூடும் இன்றைய சனிக்கிழமைப் பள்ளி முறையைப் பரவலாக்கியவர்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் அகதிகளாக வந்தவர்கள். நாடில்லாத இடத்தில் பள்ளி நடத்தும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு ஏற்கெனவே உண்டு. சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டு, ஈரான் வழியாகத் தப்பி வந்தவர்களில் சுமார் 5000 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1943 முதல் 1948 வரை நம் கோலாப்பூருக்குப் பக்கத்தில் வளிவடே முகாமில் இருந்தார்கள். அங்கேயும் பள்ளி, சாரணர் இயக்கம் எல்லாம் போலிஷிலேயே நடந்தன.

2004-ல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் புதிதாகப் புறப்பட்டவர்கள் பிரிட்டன், அயர்லாந்து பக்கம் திரும்பினார்கள். சிகாகோவுக்குப் புது ஆள் வரத்து குறைந்தது. பக்கத்து வீட்டில் புதிதாக வந்த ஒரு குழந்தை இருந்தாலே பிள்ளைகளுக்கு மொழி தானாக வரும்; அந்த வசதி இப்போது குறைவு. ஆகவே பெற்றோர் திட்டமிட்டுச் செய்தால்தான் உண்டு. எதைச் செய்தால் மொழி நிலைக்கிறது, எது பயனில்லை என்பதைப் பார்ப்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

வெள்ளி, ஆர்ச்சர் அவென்யூ

நகரின் தென்மேற்கில் நிலவரம் வேறு. 62-ம் எண் பஸ் போகும் ஆர்ச்சர் அவென்யூ வட்டாரத்தில் தாத்ரா மலையடிவாரமான பொத்ஹாலெ பகுதிக்காரர்கள் நிறையப் பேர் குடியேறினார்கள். மலைநாட்டார் சங்கத்தின் வீடும் இதே சாலையில்தான், மரச்செதுக்கு வேலையோடு நிற்கிறது.

இவர்களுடைய ஆட்டத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மேடைக் குழுக்கள் ஆடும் க்ராகோவியாக், ஓபெரெக் போன்றவற்றுக்கு ஒலிப்பதிவைப் போட்டுவிடலாம். ஒரு வார்த்தை போலிஷ் தெரியாத பிள்ளையும் எண்ணிக்கையை மனப்பாடம் செய்து அருமையாக ஆடிவிடும். மலைநாட்டு ஆட்டம் அப்படிப்பட்டதல்ல. ஆடப்போகும் பையன் இசைக்குழு முன்னால் போய் நின்று ஒரு சிறு பாட்டைத் தானே எடுத்துப் பாட வேண்டும். அவன் பாடிய மெட்டைத்தான் வயலின்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள். பிறகுதான் பெண் ஆட்டத்துக்குள் வருவாள், பாதங்கள் அசையும். அடுத்த மெட்டு வேண்டுமென்றால் மறுபடி குழுவிடம் போய்ப் பாட வேண்டும். பாட்டு வராதவனுக்கு ஆட்டம் தொடங்காது. இந்த ஒரு விதி ஆயிரம் அறிவுரைகளின் வேலையைச் செய்கிறது. மொழி வேண்டும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. மொழி இல்லாமல் காரியம் நடக்காது.

இசைக்குழுவில் முன்வயலின் ஒன்று, துணைவயலின் இரண்டு அல்லது மூன்று, மூன்று தந்தி உள்ள பாஸ் எனும் தாழ்சுர வாத்தியம் ஒன்று. பிள்ளைகள் கேட்டுத்தான் கற்கிறார்கள், தாள் பார்த்து அல்ல. பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயலின் படிக்கும் பிள்ளை இங்கே வந்ததும் ஒரு இடத்தில் தவறாமல் தடுக்கி விழும். மலைநாட்டு மெட்டுகளில் நான்காவது சுரம் உயர்ந்து நிற்கும். கல்யாணி கேட்டு வளர்ந்த காதுக்குப் பிரதி மத்யமம் என்றால் போதும். சில மெட்டுகளில் நிஷாதமும் இறங்கி, ஏறக்குறைய வாசஸ்பதி சாயல் வரும். மேஜர் ஸ்கேலில் ஊறிய பிள்ளை அந்த சுரத்தைத் தன்னையறியாமல் கீழே இழுத்துச் 'சரி' செய்துவிடும். விரலைத் திருத்துவதைவிட, அதே மெட்டை முதலில் வாயால் பாடவைப்பதுதான் பலிக்கிறது. வாய் பிடித்த சுரத்தை விரல் தேடிப் போய்விடும்.

உடையைப் பற்றிக் கொஞ்சம். பையன்களின் கம்பளிக் கால்சட்டையில் தொடைமேல் இதய வடிவப் பூவேலை இருக்கும். வாஷிங் மெஷினில் போட்டால் கம்பளி சுருங்கித் தடித்து, மறுபடி போடமுடியாமல் போகும். பிரஷ்ஷால் தட்டி, நிழலில் காற்றாட விடுவதுதான் முறை. காலில் ஒரே தோல்துண்டை மடித்துத் தைத்த செருப்பு. தொப்பியைச் சுற்றி ஓடும் பட்டையை அருகில் பார்த்தால் நமக்கு ஒரு வியப்பு: வரிசையாகச் சோழி. கடலே காணாத மலையூர்த் தொப்பியில், வெப்பக் கடலிலிருந்து வணிகர் வழியே கைமாறிப் போன சோழி. செருகும் இறகு கழுகினுடையது என்பது மரபு. ஆனால் அமெரிக்காவில் அனுமதியில்லாமல் கழுகு இறகு வைத்திருப்பது சட்டப்படி குற்றம். போலந்திலிருந்து தாத்தாவின் தொப்பியைக் கொண்டுவருபவர்கள் இறகைக் கழற்றி அங்கேயே விட்டுவிட வேண்டும். இங்கே வான்கோழி இறகு போதும்.

ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் மலைநாட்டு வழக்குப் பேசும் பிள்ளை, பொது போலிஷில் 'ச்ச', 'ஷ' என்று அழுத்தும் இடங்களில் 'த்ச', 'ஸ' என்று சொல்லும். சொல்லின் அழுத்தமும் பொதுமொழியில் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். இவர்களுக்கு முதல் அசையில் விழும். சனிக்கிழமை ஆசிரியர் அதைப் பிழை என்று சிவப்பு மையால் அடித்தால், பிள்ளை பாட்டியிடம் பேசுவதையே நிறுத்திவிடும் ஆபத்து உண்டு. எழுத்துப் பயிற்சிக்குப் பொதுமொழி, பாட்டுக்கும் வீட்டுக்கும் வட்டார வழக்கு என்று வாய்திறந்து பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. பிள்ளைகளுக்கு அந்த வேறுபாடு ஒரு வாரத்தில் பிடிபட்டுவிடும்.

சனி, சனிக்கிழமைப் பள்ளி

காலை ஒன்பது, ஒன்பதரைக்குத் தொடங்கி மதியம் வரை. மொழி, இலக்கியம், வரலாறு, புவியியல், பெரும்பாலும் வேதபாடமும். மழலையர் வகுப்பிலிருந்து உயர்நிலைப் பள்ளி இறுதிவரை படிகள் உண்டு.

பெரிய தலைவலி, ஒரே வயது, பல நிலை. பன்னிரண்டு வயது வகுப்பில் ஒரு பிள்ளை செய்தித்தாள் படிக்கும்; இன்னொன்று ஆறு வயதுச் சொற்களோடு உட்கார்ந்திருக்கும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் குட்டிகளோடு உட்காரவைத்தால் அடுத்த சனிக்கிழமை வராது. வகுப்பை வயதுப்படி வைத்துக்கொண்டு, வாசிப்பு நேரத்தில் மட்டும் நிலைப்படி பிரிப்பது நடைமுறையில் எடுபடுகிறது. போலந்தில் அச்சிட்ட பாடநூலை அப்படியே கையில் கொடுப்பதும் சரிவராது. நாள் முழுக்க போலிஷ் கேட்டு வளரும் பிள்ளைக்காக எழுதியது அது.

பிழைகள் எங்கே வரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

போலிஷில் ஏழு வேற்றுமைகள். 'நான் கடை போகிறேன்' என்று நம் பிள்ளைகள் உருபை விழுங்குவதைப் போல, இவர்கள் 'இதெ தோ ஸ்க்லெப்' என்பார்கள், சரியானது 'ஸ்க்லெபு'. அட்டவணையை மனப்பாடம் செய்யவைத்தால் தேர்வில் எழுதிவிட்டு வாசலில் மறந்துவிடுவார்கள். எண்ணவைத்தால் நிற்கும். முட்டை ஒன்று என்றால் 'யைக்கோ'. இரண்டு முதல் நான்கு வரை 'யைக்கா'. ஐந்திலிருந்து 'யாயெக்'. இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநான்குக்கு மறுபடி 'யைக்கா' வந்துவிடும். ஆனால் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்குக்கு வராது. இரண்டு டஜன் முட்டை அட்டை போதும், ஒரு பாட நேரம் போவது தெரியாது.

அடுத்தது ஒலி. நாக்கை மேலண்ணத்தில் பரப்பி மென்மையாகச் சொல்லும் 'ஷ' ஒன்று, நாக்கைப் பின்னிழுத்துக் கடினமாகச் சொல்லும் 'ஷ' ஒன்று. ஆங்கிலத்தில் ஒன்றுதான் இருப்பதால் பிள்ளையின் காதில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கேட்டுப் பிரிக்காத ஒலியைச் சொல்லிப் பிரிக்க முடியாது. எனவே முதல் சில வாரங்கள் சொல்லவே சொல்லாதீர்கள்; ஆசிரியர் சொல்ல, பிள்ளை இடது கையா வலது கையா என்று தூக்கினால் போதும். அதன்பின் கண்ணாடி: மென்மையான ஒலிக்கு உதடு சிரிப்பதுபோல விரியும்.

எழுத்துப்பிழை என்பது, ஒரே ஒலிக்கு இரண்டு எழுத்துமுறை உள்ள இடங்களில். அதற்காகத்தான் 'டிக்டாண்டோ' எனும் சொல்வதெழுதுதல். உறவுச்சொல்லைத் தேடச் சொல்வது நல்ல உத்தி. கடலுக்கான 'மொஜெ'யில் எந்த 'ஜ' என்று சந்தேகமா? அதன் பெயரடை 'மோர்ஸ்கி'. அங்கே 'ர' எட்டிப்பார்க்கிறது, ஆகவே 'ர'வோடு எழுதும் 'ஜ'.

மரியாதையும் பாடம்தான். ஆசிரியையை 'பானி' (அம்மையார்) என்று அழைத்து, வினையைப் படர்க்கையில் வைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே 'யூ'வோடு வளர்ந்த பிள்ளை ஆசிரியரை 'நீ' போட்டுப் பேசிவிடும். கண்டிக்காமல், சரியான வாக்கியத்தைத் திரும்பச் சொன்னால் போதும்.

வீட்டுக்கும் இதே வழிதான். ஐந்து வயதில் கிண்டர்கார்ட்டன் போனதும் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கும். பெற்றோரும் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டால் கதை அன்றோடு முடிந்தது. 'புரியவில்லை' என்று நடிப்பதும் வேண்டாம். பிள்ளைக்குப் பொய் தெரியும். அது ஆங்கிலத்தில் சொன்னதைப் போலிஷில் ஒருமுறை சொல்லி, பேச்சைப் போலிஷிலேயே தொடருங்கள். வீட்டுப்பாடம் தினம் பத்து நிமிஷம். வெள்ளி இரவு இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் சனிக்கிழமைமீது வெறுப்பு வரும். பாட்டியோடு வீடியோ அழைப்பு என்றால் 'நலமா' என்பதோடு நின்றுவிடும். ஒரு வேலை கொடுத்து உட்காரவையுங்கள்: மாவு எத்தனை கிராம், எத்தனை நாள் ஊறவேண்டும் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல் சனிக்கிழமைகளை விளையாட்டுப் போட்டிகள் பறித்துக்கொள்ளும். அந்த வயதில் உணர்ச்சிப் பேச்சு வேலைக்காகாது. இலினாய் மாநிலம் உயர்நிலைப் பள்ளி முடிக்கும்போது இருமொழித் திறனுக்கான முத்திரையைச் சான்றிதழில் தருகிறது. போலிஷுக்கும் அது உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதைப் பேசுங்கள்.

குருத்தோலை ஞாயிறு

போலந்தில் பனையும் கிடையாது, தென்னையும் கிடையாது. குருத்தோலைக்குப் பதில் வில்லோ மரக் கிளைகள். இலை வருமுன் கிளையில் வெள்ளிப் பஞ்சாகப் பூக்கும் மொட்டுகள். லிப்னித்சா முரோவானா என்ற ஊரில் 1958 முதல் 'பால்மா' எனும் இந்த அலங்காரக் கொத்துகளுக்கு உயரப் போட்டி நடக்கிறது; வெற்றிபெறுபவை முப்பது மீட்டரையும் தாண்டியிருக்கின்றன. இங்கே பிள்ளைகள் கையில் இருப்பது முழ நீளத்தது.

செய்முறை: அறுபது செண்டிமீட்டர் குச்சி. க்ரேப் காகிதத்தை ஆறு செண்டிமீட்டர் அகலப் பட்டைகளாக நறுக்கி, நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கம் ஒரு விரல் இடைவெளி விடாமல் கீறி, குச்சியின் உச்சியிலிருந்து சுற்றிக்கொண்டே இறங்க வேண்டும். உச்சியில் மொட்டுக் கிளையும் பாக்ஸ்வுட் இலையும் நூலால் கட்டுவது. கீறல்கள் நெருக்கமாக இல்லாவிட்டால் பூவாக விரியாமல் நாடாவாகத் தொங்கும். வில்லோக் கிளையை வாங்கியதும் தண்ணீரில் வைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இரண்டு மூன்று நாளில் மொட்டு வெடித்து மஞ்சள் மகரந்தம் கொட்டி, வெள்ளிப்பஞ்சு போய்விடும். உலர்ந்த குவளையில் நிறுத்தினால் வருஷம் முழுக்க அப்படியே இருக்கும். சிகாகோவில் இந்தப் பருவத்தில் மழை வரும். க்ரேப் காகிதச் சாயம் வெள்ளைச் சட்டையில் இறங்கினால் போகாது. பவனி முடியும்வரை ஒரு பிளாஸ்டிக் உறை கைவசம் இருக்கட்டும்.

செவ்வாய், முட்டையும் மெழுகும்

இன்று மேஜை நிறைய முட்டை. ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் தோல். அரைமணி கொதிக்கவைத்து வடிகட்டி, ஒரு மேஜைக்கரண்டி வினிகர். செம்பழுப்புச் சாயம் ரெடி. அவித்த முட்டையைக் கருஞ்சிவப்பாகும்வரை ஊறவைத்து, உலர்ந்தபின் கத்திமுனையால் சுரண்டி வரைவது ஒரு வகை. ஒபோலெ வட்டாரத்துக் கைவேலை.

மெழுகு வேலைதான் பிள்ளைகளை அசையாமல் உட்காரவைக்கிறது. பென்சிலின் ரப்பர் முனையில் குண்டூசியைக் குத்தினால் கருவி தயார். தேன்மெழுகு சுமார் 63 டிகிரியில் உருகும். குண்டூசித் தலையை உருகிய மெழுகில் தோய்த்து, ஓட்டின்மேல் ஒரு புள்ளி வைத்து, வைத்த வேகத்தில் இழுத்தால் கண்ணீர்த்துளி வடிவம் வரும். ஒரு துளிக்கு ஒரு தோய்ப்பு. தோய்த்த ஊசி இரண்டு நொடி காற்றில் நின்றாலே மெழுகு கெட்டிப்பட்டு, துளி வாலில்லாமல் மொட்டையாக நிற்கும். ஆகவே மெழுகுக் கிண்ணம் முட்டைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது. சாயம் சூடாக இருந்தால் வரைந்த மெழுகெல்லாம் கரைந்து மிதக்கும். கைபொறுக்கும் வெதுவெதுப்புக்கு மேல் கூடாது. கடைசியில் மெழுகுவர்த்திச் சுடரின் பக்கவாட்டில் காட்டித் துடைத்தெடுக்க வேண்டும். சுடருக்கு மேலே பிடித்தால் கரி படியும்.

அமெரிக்க முட்டையில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே முட்டையைக் கழுவித்தான் விற்கிறார்கள். சிலவற்றுக்கு எண்ணெய்ப் பூச்சும் உண்டு. வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்த துணியால் மென்மையாக ஒருமுறை துடைத்தால் சரியாகும். அதிகம் தேய்த்தால் ஓடே சுண்ணாம்பாக உதிரும். கையில் எண்ணெய்ப்பசை இருந்தாலும் விரல்ரேகை நிறமில்லாமல் பதியும்.

இந்த மேஜையைச் சுற்றி ஆங்கிலம் குறைவாகவே கேட்கிறது. 'சிவப்பைத் தள்ளு', 'இன்னும் இரண்டு யைக்கா', 'உன் மெழுகு ஆறிப்போச்சு' என்று தேவைப்படும் வாக்கியங்கள் குறுகியவை. திரும்பத் திரும்ப வருபவை. ஒரே நிபந்தனை, தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் போலிஷில் மட்டும் பேச வேண்டும். இரண்டு மொழியும் பேசும் இளம் ஆசிரியரை உட்காரவைத்தால் பத்து நிமிஷத்தில் மேஜை ஆங்கிலத்துக்குத் தாவிவிடும்.

ஞாயிறுக்கு 'ஷூரெக்' புளிச்சூப் வேண்டுமென்றால் மாவை இன்றே கரைத்தாக வேண்டும். நூறு கிராம் ரை மாவு, அரை லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீர், மூன்று பல் பூண்டு, பிரிஞ்சி இலை, நாலைந்து ஆல்ஸ்பைஸ் மணி. துணியால் மூடி, நான்கைந்து நாள், தினம் ஒருமுறை கிளற வேண்டும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் ஊற்றினால் குளோரின் புளிப்பதைத் தாமதப்படுத்தும். இளஞ்சிவப்போ பச்சையோ பூசணம் தெரிந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கிளறும் வேலையைப் பிள்ளையிடம் விட்டு, இன்றைக்கு வாசனை எப்படி என்று தினம் ஒரு வாக்கியம் கேட்டுவாங்கலாம்.

புனித சனி, பஃபலோ

பெரிய வெள்ளி இரவு சிகாகோவில் லேக் ஷோர் லிமிடெட் ரயில் ஏறினால் மறுநாள் காலை பஃபலோ. இங்கே போலிஷ் பங்கு 1873-லேயே வந்துவிட்டது. பெரும்பாலான குடும்பங்கள் நான்காம், ஐந்தாம் தலைமுறை. 1888-லிருந்து இருக்கும் பிராட்வே சந்தை ஈஸ்டருக்கு முன் திமிலோகப்படும்: குதிரைமுள்ளங்கி, புகையூட்டிய சாசேஜ், வில்லோக் கொத்து, எல்லாவற்றுக்கும் மேலாக வெண்ணெய் ஆட்டுக்குட்டி.

வீட்டிலேயே ஆட்டுக்குட்டி செய்ய மர அச்சு வேண்டும். அச்சை முதல்நாளே ஐஸ் தண்ணீரில் ஊறப்போட வேண்டும்; காய்ந்த மரம் வெண்ணெயைப் பிடித்துக்கொண்டு, திறக்கும்போது காது ஒருபக்கம் முகம் ஒருபக்கம் வரும். வெண்ணெய் களிமண் பதத்தில் இருக்கட்டும். இண்டு இடுக்கில் விரலால் அழுத்தி, மூடி, ஒருமணி நேரம் குளிரவைத்துத் திறக்க வேண்டும். கண்ணுக்கு மிளகு, கழுத்துக்குச் சிவப்பு நாடா.

ஆலயத்துக்கு எடுத்துப்போகும் ஆசீர்வாதக் கூடையில் முட்டை, ரொட்டி, உப்பு, சாசேஜ், குதிரைமுள்ளங்கி, ஆட்டுக்குட்டி, மேலே வெள்ளைத் துணி. சிகாகோவில் இருக்கும் அதே கூடைதான், ஒன்றும் குறையவில்லை. சுற்றிக் கேட்கும் பேச்சு மட்டும் ஆங்கிலம். பாட்டியை 'பூஷா' என்கிறார்கள். சாப்பாட்டுப் பெயர்கள் இருக்கின்றன. அதைத் தாண்டி வாக்கியம் இல்லை. கூடையை ஆங்கிலத்திலும் நிரப்பிவிடலாம் என்பதால் கூடை நிலைத்தது, பேச்சு நிலைக்கவில்லை.

திங்கள், டிங்கஸ்

ஈஸ்டர் மறுநாள் தண்ணீர் ஊற்றி, வில்லோக் கிளையால் செல்லமாக அடிக்கும் திருநாள். பஃபலோவில் இதற்கு இன்றைய உருவம் கிடைத்தது 1961-ல், ஷோப்பான் பாடகர் சங்கம் நடத்திய கொண்டாட்டத்திலிருந்து. இன்று ஊரே சிவப்பு வெள்ளையில் திரள்கிறது: ஊர்வலம், அக்கார்டியன், தண்ணீர்த் துப்பாக்கி. இசைப்பது அமெரிக்கப் போல்கா. போலந்தின் ஐந்து தேசிய ஆட்டங்களில் போல்கா சேராது. அதைக் காட்டி இந்த விழாவைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. நூற்றாண்டுக்கு மேல் ஒரு மக்கள் தங்கள் பெயரை விடாமல் வைத்திருப்பது சின்னக் காரியமல்ல. விட்டுப்போன மொழியின் ஒரு நுனியையாவது இங்கே மறுபடி கட்ட இடமிருக்கிறது என்றே தோன்றுகிறது.

வழி மரபுக்குள்ளேயே இருக்கிறது. போலந்து ஊர்களில் டிங்கஸ் அன்று பையன்கள் வீடுவீடாகப் போய்ப் பாட்டுச் சொல்லித்தான் முட்டை வாங்குவார்கள். ஆர்ச்சர் அவென்யூ ஆட்டக்காரனுக்கு உள்ள அதே விதி. இங்குள்ள குடும்பங்கள் செய்யக்கூடியது: ஈஸ்டருக்கு ஆறரை வாரம் முன்னால் வரும் சாம்பல் புதனன்றே நாலுவரிப் போலிஷ் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். போலிஷ் நன்றாகத் தெரிந்த ஒருவரை மெதுவாக ஒருமுறை, இயல்பாக ஒருமுறை சொல்லச் செய்து போனில் பதிந்துகொள்ளுங்கள். எழுத்தைக் காட்ட வேண்டாம். ஆங்கில வாசிப்பு பழகிய கண் ஒலியைக் கெடுத்துவிடும். ஆறு வயதுக்கு முதல் இரண்டு வரி, பத்து வயதுக்கு நான்கும். வாரம் ஒரு வரி போனால் இடையில் இரண்டு வாரம் மீதமிருக்கும், தடுமாறும் இடங்களைத் தேய்க்க. பாட்டைச் சொன்ன பிள்ளைக்குத்தான் திங்கட்கிழமை தண்ணீர்த் துப்பாக்கி. முட்டையை எண்ணி வாங்கும்போது ஐந்தாவதுக்கு 'யாயெக்' வருகிறதா என்று பெரியவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.